தெரியாத கணுவுக்கும் கதிர் வேண்டுமா?

புரோஸ்டேட்டில் புற்று என்று பயாப்சி சொன்ன மறுகணம் எழும் கேள்வி பழையது: அது சுரப்பிக்குள்ளேயே இருக்கிறதா, வெளியே கிளம்பிவிட்டதா? உள்ளேயே இருந்தால் அறுவையாலோ கதிராலோ ஒழித்துவிடும் நம்பிக்கையோடு இறங்கலாம். வெளியேறிவிட்டால் ஹார்மோனை அடக்கி நோயைக் கட்டுக்குள் வைத்திருப்பதுதான் வழி என்று மருத்துவம் நெடுங்காலம் சொல்லி வந்தது. உயர் அபாயம் என்று வகைப்படுத்தப்படும் நோயாளிகளிடம் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாகிறது. பி.எஸ்.ஏ. அளவு 20-ஐத் தாண்டியவர்கள், கிளீசன் எண் 8 முதல் 10 வரை உள்ளவர்கள், கட்டி சுரப்பியின் உறையைக் கிழித்து வெளியே வந்துவிட்டவர்கள் ஆகியோரே இந்த வகையினர். இவர்களில் கணிசமானவர்களுக்கு நோய் ஏற்கெனவே நிணநீர்க் கணுக்களுக்கோ எலும்புக்கோ போயிருக்கக்கூடும். போயிருக்கிறதா என்று காட்டத்தான் படங்கள்.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் அந்தப் படங்கள் வெகுவாக மாறிவிட்டன. முன்பு தெரியாதது இப்போது தெரிகிறது. தெரிவதை வைத்துச் சிகிச்சையை எவ்வளவு தூரம் மாற்றலாம் என்பதில்தான் கருத்து வேறுபாடு. இந்த விவாதத்தில் மிக முக்கியமான சான்றுகளுள் ஒன்று மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலிருந்து வந்தது என்பது நம் வாசகர்களில் பலர் அறியாதது.

ஊகத்தில் ஓடிய காலம்

1941-இல் சிகாகோவில் சார்லஸ் ஹகின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும், விரைகளை நீக்கி ஆண் ஹார்மோனைக் குறைத்தால் பரவிய புரோஸ்டேட் புற்று சுருங்குகிறது என்று காட்டினார்கள். பரவியதை அறிய அன்று கையில் இருந்தவை எக்ஸ்ரேயும், ரத்தத்தில் அமில பாஸ்படேஸ் அளவும்தான். 1971-இல் சைராகியூஸில் கோபால் சுப்பிரமணியனும் ஜான் மெக்காஃபியும் டெக்னீசியம் சேர்ந்த பாஸ்பேட் சேர்மம் ஒன்றை எலும்புப் படத்துக்கு அறிமுகப்படுத்தினார்கள். இன்றும் மாவட்டத் தலைநகரங்களில் எடுக்கப்படும் எலும்பு ஸ்கேன் அந்த வழியில் வந்ததுதான். இடுப்புக் கணுக்களைப் பார்க்க சி.டி. வந்தது. ஆனால் சி.டி. பார்ப்பது கணுவின் பருமனை மட்டுமே. வீங்காத கணுவில் புற்று இருந்தால் அதற்குத் தெரியாது. தொற்றால் வீங்கிய கணுவையோ புற்று என்று சந்தேகிக்கும்.

கண் காட்டாததைக் கணக்கு காட்டட்டும் என்று மருத்துவர்கள் அபாயக் கணிப்பின் பக்கம் சாய்ந்தார்கள். 1998-இல் டி'அமிகோ குழு வகுத்த மூன்று அபாயப் படிகளும், சான் பிரான்சிஸ்கோவின் மேக் ரோச் தந்த எளிய சூத்திரமும் அப்படி வந்தவை. ரோச் சூத்திரத்தைப் பேனாவும் தாளும் இருந்தால் போட்டுவிடலாம்: பி.எஸ்.ஏ. எண்ணில் மூன்றில் இரண்டு பங்கு, அதோடு கிளீசன் எண்ணில் 6-ஐக் கழித்துப் பத்தால் பெருக்கிய தொகை. பி.எஸ்.ஏ. 24, கிளீசன் 8 என்றால் 16-உம் 20-உம் சேர்த்து 36. கணுக்களில் நோய் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 36 சதவீதம் என்று பொருள். இது வாய்ப்பை மிகைப்படுத்துகிறது என்ற குறை உண்டு. ஆனாலும் இதற்குச் செலவில்லை.

உயர் அபாய நோய்க்கு இன்று நாம் தரும் சிகிச்சையின் அடித்தளம் இந்த ஊகக் காலத்தில்தான் போடப்பட்டது. 415 பேரைக் கொண்ட மிஷேல் பொல்லாவின் ஐரோப்பிய ஆய்வு 1997-இல் வெளிவந்தது. கதிரோடு மூன்றாண்டு ஹார்மோன் ஊசியும் சேர்த்தபோது ஐந்தாண்டு உயிர் பிழைப்பு 62-லிருந்து 79 சதவீதமாக உயர்ந்தது. ஸ்டாம்பீட் என்ற பிரிட்டிஷ் பெருந்திட்டம் பின்னர் 1974 பேரிடம் அபிராடெரோன் மாத்திரையைச் சேர்த்துப் பார்த்தது. பரவல் இல்லாமல் ஆறாண்டு கடந்தோர் 69-லிருந்து 82 சதவீதமாக ஆனார்கள். இரண்டு ஆய்விலும் நோயாளிகளைத் தேர்ந்தது பழைய முறைப் படங்களைக் கொண்டுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் சிக்கல் முழுவதும் இதிலிருந்தே கிளைக்கிறது.

ஒளிரும் புள்ளிகள் வந்த வழி

புரோஸ்டேட் செல்லின் மேலுறையில் பி.எஸ்.எம்.ஏ. என்றொரு புரதம் உண்டு. புற்றாகும்போது பெரும்பாலும் அது பெருகுகிறது. அதை ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளை 1987-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். அதைக் கொண்டு எடுக்கும் ஸ்கேனுக்கு 1996-இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. ஆனால் படம் மங்கலாகவே வந்தது. அந்த எதிர்ப்பொருள் புரதத்தின் உட்புற வாலைத்தான் பிடிக்கும். உயிருள்ள செல்லுக்குள் அது நுழையாது. செத்துக் கிழிந்த செல்களே அதிகம் ஒளிர்ந்தன. வீட்டுக்குள் இருக்கும் ஆளைத் தேடிப் போய்த் தெருக்கதவில் நின்ற கதை.

2012 வாக்கில் ஹைடெல்பெர்க்கில் புரதத்தின் வெளிப்பகுதியைப் பிடிக்கும் சிறு மூலக்கூறில் காலியம்-68 கதிரியக்கத் தனிமத்தைக் கட்டினார்கள். பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் அப்படிப் பிறந்தது. அமெரிக்க அனுமதி 2020 டிசம்பரில்தான் வந்தது. காலியத்தை ஜெனரேட்டர் என்ற சிறு கருவியிலிருந்தே கறந்துகொள்ளலாம், சைக்ளோட்ரான் வேண்டாம் என்பதால் இந்தியாவின் பெரிய மையங்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இதைக் கையாளத் தொடங்கிவிட்டன.

படத்தை நம்பும் தரப்பு

இந்தத் தரப்பின் தூண் ஆஸ்திரேலியாவின் புரோ-பி.எஸ்.எம்.ஏ. ஆய்வு. மைக்கேல் ஹாஃப்மன் தலைமையில் பத்து மையங்களில், உயர் அபாயம் கொண்ட 302 பேரிடம் நடந்தது. 2020-இல் லான்செட் இதழில் வெளியானது. பழைய முறையில் சி.டி.யும் எலும்பு ஸ்கேனும், புதிய முறையில் பி.எஸ்.எம்.ஏ. பெட். துல்லியம் 65-க்கு எதிராக 92 சதவீதம். 'சொல்ல முடியவில்லை' என்ற இரண்டுங்கெட்டான் முடிவு 23-க்கு எதிராக 7 சதவீதம். உடலில் ஏறும் கதிரியக்கமும் பாதிக்கும் குறைவு. முதல் படத்தைப் பார்த்துச் சிகிச்சைத் திட்டத்தை மாற்றியது பழைய முறையில் 15 சதவீதத்தினருக்கு, புதியதில் 28 சதவீதத்தினருக்கு.

எண்கள் வலுவானவை. எலும்பு ஸ்கேனைக் கைவிட்டு நேரே பெட் எடுக்கலாம் என்று பல வழிகாட்டுதல்கள் இன்று ஏற்கின்றன. நோயைத் துல்லியமாக அறிந்தால் சிகிச்சையும் துல்லியமாகும் என்பது இத்தரப்பின் வாதம். கேட்டவுடன் மறுக்கத் தோன்றாது.

சுரப்பிக்குள்ளே பார்க்கும் எம்.ஆர்.ஐ. விஷயத்தில் இந்த வாதம் ஓரளவு நிரூபணமும் ஆகியிருக்கிறது. நெதர்லாந்து, பெல்ஜியம் மையங்களின் ஃபிளேம் ஆய்வில் 571 பேருக்கு வழக்கமான 77 கிரே கதிர் தரப்பட்டது. ஒரு பாதியினருக்கு எம்.ஆர்.ஐ.யில் தெரிந்த கட்டிக்கு மட்டும் 95 கிரே வரை கூட்டினார்கள். பி.எஸ்.ஏ. மீண்டும் ஏறாமல் ஐந்தாண்டு கடந்தோர் 85-லிருந்து 92 சதவீதமாக உயர்ந்தார்கள். பக்க விளைவு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. கண்ட இடத்தைக் கூடுதலாகச் சுட்டால் பலன் உண்டு என்பதற்கு நல்ல சான்று இது.

ஏ பிரிவும் பி பிரிவும்

ஐயுறும் தரப்பு, திட்டம் மாறியது உண்மை, ஆயுள் மாறியதா என்று ஒரே கேள்வி கேட்கிறது. புரோ-பி.எஸ்.எம்.ஏ. அதற்குப் பதில் சொல்ல வடிவமைக்கப்பட்டதல்ல.

இதில் ஒரு கணக்குப் பொறியும் உண்டு. பள்ளியில் ஏ பிரிவில் கடைசி மதிப்பெண் வாங்கும் மாணவனை பி பிரிவுக்கு மாற்றுகிறார்கள் என்று வையுங்கள். அங்கே அவன்தான் முதல். ஏ பிரிவின் சராசரி ஏறும், பி பிரிவின் சராசரியும் ஏறும். ஆனால் யாரும் ஒரு மதிப்பெண் கூடுதலாக வாங்கவில்லை. கூர்மையான ஸ்கேனும் இதையே செய்கிறது. 'பரவவில்லை' என்ற கூட்டத்தில் இருந்த மோசமான நோயாளிகளைப் பொறுக்கி, 'பரவியது' என்ற கூட்டத்துக்கு அனுப்புகிறது. அங்கே அவர்கள்தான் ஆகச் சிறந்த நிலையில் இருப்பவர்கள். இரு கூட்டத்திலும் உயிர் பிழைப்பு உயர்ந்ததாகத் தோன்றும். ஆல்வன் ஃபைன்ஸ்டைன் 1985-இல் நுரையீரல் புற்றை வைத்து இதை விளக்கினார். 'பெட் வந்த பிறகு முடிவுகள் மேம்பட்டன' என்று பழைய பதிவேடுகளோடு ஒப்பிடும் கட்டுரைகள் பலவற்றை இந்தக் காரணத்தால் அப்படியே ஏற்க இயலாது.

இத்தரப்புக்கு வலுவான பதில் ஒன்று உண்டு. அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தில் நடந்த எம்பயர்-1 ஆய்வில், அறுவைக்குப் பின் பி.எஸ்.ஏ. ஏறிய 165 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பழைய படங்களை வைத்தும் மறுபிரிவுக்கு ஃபுளூசிக்ளோவின் பெட் படத்தையும் சேர்த்தும் கதிர்ச் சிகிச்சை. மூன்றாண்டு முடிவில் நோய் திரும்பாதோர் 63-க்கு எதிராக 75.5 சதவீதம். படம் சிகிச்சையை மாற்றி, மாறிய சிகிச்சை பலனை மாற்றியதைக் குலுக்கல் ஆய்வில் காட்டியது இது. ஆனால் ஃபுளூசிக்ளோவின் வேறு மருந்து, அந்த நோயாளிகளும் அறுவை முடிந்தவர்கள். முதல் சிகிச்சைக்கே வந்து நிற்கும் உயர் அபாய நோயாளிக்கு இதை நீட்டிப் பொருத்துவது ஊகமே.

மும்பையின் பதில்

படம் கணுவில் ஒன்றுமில்லை என்கிறது. சூத்திரமோ இருக்க வாய்ப்பு 36 சதவீதம் என்கிறது. யாரை நம்புவது? சுரப்பிக்கு மட்டும் கதிர் தருவதா, இடுப்புக் கணுக்கள் முழுவதையும் சேர்த்துக்கொள்வதா?

இந்தக் கேள்விக்குப் பழைய ஆய்வுகள் தெளிவான விடை தரவில்லை. அமெரிக்காவின் ஆர்.டி.ஓ.ஜி. 9413, பிரான்சின் கெடுக்-01 இரண்டும் இடுப்புக் கதிருக்கு உறுதியான நன்மையைக் காட்டத் தவறின. ஆனால் அவற்றில் அபாயம் குறைந்தவர்களும் கலந்திருந்தார்கள். பிரெஞ்சு ஆய்வில் கதிர்ப் பரப்பின் மேல் எல்லையும் தாழ்வாகவே இருந்தது.

டாட்டா நினைவு மருத்துவமனையில் வேதாங் மூர்த்தி குழு 2011 முதல் 2017 வரை நடத்திய பாப்-ஆர்.டி. ஆய்வு, ரோச் சூத்திரப்படி 20 சதவீதத்துக்கு மேல் கணு அபாயம் உடைய 224 பேரை எடுத்துக்கொண்டது. படத்தில் எவருக்கும் கணு தெரியவில்லை. ஐந்தில் நான்கு பேருக்கு அந்தப் படம் பி.எஸ்.எம்.ஏ. பெட், அதாவது கிடைத்தவற்றிலேயே கூர்மையான கண்ணால் பார்த்தும் 'இல்லை' என்ற தீர்ப்பு பெற்றவர்கள். எல்லோருக்கும் சுரப்பிக்கு 25 தவணைகளில் 68 கிரே, குறைந்தது இரண்டாண்டு ஹார்மோன் அடக்கம். ஒரு பாதியினருக்கு இடுப்புக் கணுக்களுக்கும் 50 கிரே. பி.எஸ்.ஏ. மீண்டும் ஏறாமல் ஐந்தாண்டு கடந்தோர்: சுரப்பிக்கு மட்டும் என்றால் 81.2 சதவீதம், இடுப்பு முழுவதும் என்றால் 95. தொலைவுக்குப் பரவாமல் இருந்தோர் 89.2-க்கு எதிராக 95.9. விலையும் இருந்தது: சிறுநீர்ப் பாதையில் பிற்காலத் தொல்லை இடுப்புக் கதிர் பெற்றவர்களிடம் இருமடங்குக்கு மேல். ஆயுள் கணக்குத் தனி. அதைக் கடைசியில் பார்ப்போம்.

பொதுவாக இந்த ஆய்வை 'இடுப்புக் கதிர் நல்லது' என்று சுருக்கிவிடுகிறார்கள். படத்தைப் பற்றி அது சொல்வது எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. பெட் படம் சுத்தம் என்று விடுவித்த இடுப்பில், கதிர் போனபோது நோய் குறைந்தது. அப்படியானால் அங்கே ஏதோ இருந்திருக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவின் இரு பல்கலைக்கழகங்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வு இதை வேறு பக்கத்திலிருந்து உறுதிப்படுத்துகிறது. காலியம் பெட் எடுத்து அறுவைக்குப் போன 277 பேரில், வெட்டியெடுத்த கணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது 75 பேருக்கு நோய் இருந்தது. பெட் அவர்களில் 40 சதவீதத்தினரை மட்டுமே பிடித்திருந்தது. ஆனால் நோய் இல்லாதவர்களை இல்லை என்று சரியாகச் சொன்னது 95 சதவீதம். சில மில்லிமீட்டரே உள்ள படிவுகள் இந்த ஸ்கேனின் பார்வைக்கு எட்டுவதில்லை.

ஆக, படத்தின் 'ஆம்'-உக்கும் 'இல்லை'-க்கும் ஒரே எடை இல்லை. புரோ-பி.எஸ்.எம்.ஏ.வின் 92 சதவீதத் துல்லியம் என்ற ஒற்றை எண் இந்த ஏற்றத்தாழ்வை மறைத்துவிடுகிறது.

பாப்-ஆர்.டி.க்கும் குறைகள் உண்டு. ஒரே மையம், சிறிய எண்ணிக்கை, சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மிக முற்றிய நோயோடு வந்தவர்கள். பெட் ஸ்கேன் அங்கே குலுக்கப்படவில்லை. எனவே ஸ்கேனின் பயனை அது நேரடியாக அளக்கவில்லை. பி.எஸ்.ஏ. 21, கிளீசன் 7 என்று விளிம்பில் நிற்பவருக்கு இதே பலன் வரும் என்று எண்ணுவதற்கு இல்லை.

'இருக்கிறது' என்று படம் சொன்னால்

எதிர்த்திசைச் சிக்கல் இன்னும் கடுமை. எலும்பு ஸ்கேனில் ஒன்றுமில்லாத ஒருவருக்குப் பெட்டில் இடுப்பெலும்பில் ஒரு புள்ளி ஒளிர்கிறது. பழைய கணக்கில் அவர் குணப்படுத்தத் தக்கவர். புதிய கணக்கில் பரவியவர். எந்த ஆய்வின் சிகிச்சை அவருக்குப் பொருந்தும்? பொல்லா ஆய்விலும் ஸ்டாம்பீடிலும் இவரைப் போன்றவர்கள், யாருக்கும் தெரியாமல், 'பரவாதவர்' வரிசையில் நின்றே பலன் பெற்றிருப்பார்கள். ஆகவே பெட்டில் மட்டும் தெரிந்த ஒரு புள்ளிக்காகச் சுரப்பிக்கான முழுச் சிகிச்சையை மறுப்பது தவறாகவே முடியக்கூடும். ஐரோப்பிய வழிகாட்டுதல்களும் இந்த இடத்தில் எச்சரிக்கையாகவே பேசுகின்றன.

தவிர, அந்தப் புள்ளி புற்றுதானா? பி.எஸ்.எம்.ஏ. என்ற பெயரில் புரோஸ்டேட் இருந்தாலும் அந்தப் புரதம் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் சிறுநீரகத்திலும் உண்டு. ஆறிவரும் எலும்பு முறிவும் பேஜட் நோயும் ஒளிரும். நரம்பு முடிச்சுகள் கணுவைப் போல ஏமாற்றும். ஃபுளோரின் கலந்த சேர்மங்களில் சில, விலா எலும்பில் பொருளற்ற புள்ளிகளைத் தூவுகின்றன. காசநோய்க் கணுக்களும் ஒளிர்ந்ததாகப் பதிவுகள் உள்ளன. நம் நாட்டில் இது ஓரத்துக் குறிப்பாக ஒதுக்கத் தக்கதல்ல. ஒற்றைப் புள்ளி சிகிச்சையின் போக்கையே மாற்றுமானால் அதை எம்.ஆர்.ஐ.யோ பயாப்சியோ கொண்டு உறுதி செய்தபின் மாற்றுவதே முறை.

சில புள்ளிகள் மட்டும் இருந்தால் அவற்றையும் குறிவைத்துச் சுடலாம் என்பது மூன்றாவது நிலைப்பாடு. பெல்ஜியத்தின் ஸ்டோம்ப் 62 பேரிடமும், அமெரிக்காவின் ஓரியோல் 54 பேரிடமும் பார்த்து நோய் முன்னேற்றம் தள்ளிப்போவதைக் காட்டின. ஆனால் இரண்டும் சிறியவை, முதல் சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பியவர்களைப் பற்றியவை.

வடக்குத்திலிருந்து பார்த்தால்

நெய்வேலி நகரியத்தை ஒட்டியிருக்கும் வடக்குத்து போன்ற ஊரில் இந்த விவாதத்தின் உருவமே வேறு. சாலை வழியே சென்னை ஏறத்தாழ 200 கிலோமீட்டர். காலியம்-68 ஒவ்வொரு 68 நிமிடத்துக்கும் பாதியாகத் தேய்ந்துவிடும். நான்கு மணி நேரப் பயணத்தில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஃபுளோரின்-18-க்கு அரைவாழ்வு 110 நிமிடம். அதுவும் கால் பங்குக்குக் கீழே போய்விடும். எனவே மருந்து ஊருக்கு வருவதைவிட நோயாளி மருந்து இருக்கும் ஊருக்குப் போவதே எளிது: புதுச்சேரி, சென்னை அல்லது வேலூர். போகும் ஊரை நிர்ணயிப்பது பெரும்பாலும் கையில் இருக்கும் அட்டை. நிறுவன ஊழியருக்கு ஒன்று, ஒப்பந்தத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ., முந்திரித் தோப்பில் வேலை பார்ப்பவருக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்.

இன்னொரு சிக்கல் வரிசையைப் பற்றியது. நம் பகுதிகளில் பி.எஸ்.ஏ. மிக உயர்ந்திருந்தால் உடனே ஹார்மோன் ஊசி போட்டுவிடுவதோ விரைகளை நீக்கிவிடுவதோ வழக்கம். அதன் பிறகு மாதங்கள் கழித்துப் பெட் எடுத்தால், நீண்ட ஹார்மோன் அடக்கத்தில் புள்ளிகள் மங்கிப் போயிருக்கும். குறுகிய காலத்திலோ சிலருக்குக் கூடுதலாக ஒளிர்வதும் உண்டு. தொடக்க நிலையை அறிய எடுத்த படம் தொடக்க நிலையைச் சொல்லாது. ஸ்கேனுக்கு அனுப்புவதாக இருந்தால் ஊசிக்கு முன் அனுப்ப வேண்டும். செலவில்லாமல் செய்யக்கூடிய திருத்தம் இது ஒன்றே.

பெட் கிடைக்காவிட்டால் என்ன இழப்பு? பாப்-ஆர்.டி.யை நான் படிக்கும் விதத்தில், கணு அபாயம் தெளிவாக உயர்ந்திருக்கும் ஒருவருக்கு, பெட்டில் கணு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இடுப்புக் கதிர் பரிசீலிக்கத் தக்கது. நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லப்படும் கதிர்ச் சிகிச்சையும் நீண்ட ஹார்மோன் அடக்கமும் அபிராடெரோனும் பழைய படங்களின் மேல் நிறுவப்பட்டவை. அவற்றைப் பெட் கிடைக்கும் நாள்வரை ஒத்திப்போட நியாயம் இல்லை. இழப்பு வேறு இடத்தில்: உடலெங்கும் பரவியிருப்பது தெரியாமல் ஒருவருக்கு ஐந்து வாரக் கதிரைத் தந்துவிடுவது, தெரிந்த கணுவுக்குக் கூடுதல் அளவு தரும் வாய்ப்பை விடுவது. இவை சிறிய இழப்புகள் அல்ல. ஆனால் சிகிச்சையே கிடைக்காத இழப்போடு ஒப்பிடத் தக்கவையும் அல்ல.

திறந்தே இருப்பவை

எலும்பு ஸ்கேனையும் சி.டி.யையும்விட பி.எஸ்.எம்.ஏ. பெட் சிறந்த கண் என்பதில் இனி பெரிய சர்ச்சை இல்லை. சிகிச்சையைக் கூட்டுவதற்கு அது துணை நிற்பதற்கு ஓரளவு சான்று உண்டு. அதன் 'இல்லை'-யை நம்பிச் சிகிச்சையைக் குறைப்பதற்கு உயர் அபாய நோயில் இன்றைய நிலையில் போதிய சான்று இல்லை. மும்பைச் சான்று அதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது. பெட்டில் மட்டும் தெரியும் பரவலை எப்படிக் கையாள்வது என்பது உண்மையிலேயே முடிவாகாதது. பெட்டைக் குலுக்கி, ஆயுளை அளவுகோலாக வைத்து, பத்தாண்டுகள் பின்தொடரும் ஆய்வு ஒன்றே இதைத் தீர்க்கும். பெட் எங்கும் பரவிவிட்ட நாடுகளில் அத்தகைய ஆய்வுக்குப் பழைய முறைப் பிரிவில் சேர ஆள் கிடைப்பது கடினம்; இன்னும் பரவாத நாடுகளில் நடத்துவது சாத்தியம். இந்தியா இரண்டாம் வகை.

ஒத்திவைத்த கணக்கு: பாப்-ஆர்.டி.யில் ஐந்தாண்டு முடிவில் உயிரோடு இருந்தோர், இடுப்பு முழுவதும் கதிர் பெற்றவர்களில் 92.5 சதவீதம், சுரப்பிக்கு மட்டும் பெற்றவர்களில் 90.8. புள்ளியியல்படி இதை வேறுபாடு என்று சொல்ல முடியாது.